கடலூர்ப் பக்கம் வீட்டுத் தோட்டத்தைக் குளிர்காலத்துக்கு எப்படித் தயார்செய்வது?

குளிர்காலத்துக்குத் தோட்டத்தைத் தயார்செய்யும் வெளிநாட்டுக் காணொளிகளைக் குறிப்பிட்டு, நாமும் அப்படிச் செய்யவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அவற்றை நானும் பார்ப்பதுண்டு. இலையுதிர்காலக் கடைசியில் டாலியாக் கிழங்கைத் தோண்டி உள்ளே வைக்கிறார்கள், துலிப் கிழங்கை நடுகிறார்கள், பாத்தியெங்கும் சருகு, வைக்கோல் பரப்பிக் கனமாக மூடாக்குப் போடுகிறார்கள். எல்லாம் நிலம் உறையும் ஊர்களின் வேலை. நமக்குத் தை மாத விடியலிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இங்கே செடியைக் கொல்வது குளிர் அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் தேங்கும் நீரும் புயல்காற்றும்தான்.

ஆகவே தீபாவளிக்குள் வடிகாலைப் பார்த்துவிடுங்கள். தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அடித்துளையில் கம்பி விட்டுக் குத்துங்கள். வேர் பின்னி அடைத்திருந்தால் கறுத்த நீர் சொட்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வேர் மூச்சுமுட்டிக் கிடக்கிறது. தென்னை நார்க்கழிவும் மணலும் கூட்டிய புதுக் கலவைக்கு உடனே மாற்றுங்கள். தொட்டிக்கு அடியில் நீர் பிடிக்க வைக்கும் தட்டு தை வரை வேண்டாம், கொசுவுக்குத்தான் உதவும். தரையில் என்றால் மேட்டுப்பாத்திதான். பப்பாளி வேரடியில் ஓரிரு நாள் நீர் நின்றாலே மரம் போய்விடும். 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதை எந்த வீட்டு வாய்க்காலும் தாங்காதுதான். ஆனால் மழை விட்டபின் நீர் எத்தனை சீக்கிரம் வடிகிறது என்பது நம் கையில் இருக்கிறது.

அடுத்தது காற்று. முருங்கைக் கிளை சும்மாவே முறியும். மழைக்கு முன் தரையிலிருந்து மூன்றடி உயரம் மட்டும் விட்டு மரத்தை வெட்டிவிடுங்கள், பாவம் பார்க்க வேண்டாம், துளிர்த்துக்கொள்ளும். தென்னையில் முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கிவிடுங்கள். வாழைக்கு நம் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கும் சவுக்குக் கழி போதும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் முட்டுக் கொடுப்பது வீண்வேலை. புயல் நம் ஊர் வழியாகவே கடந்தால் முதலில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று, புயலின் மையமான கண் கடந்தபின் தெற்கிலிருந்து திரும்பி அடிக்கும். கார்த்திகை முடிந்தது என்று கட்டுகளை அவிழ்த்துவிடாதீர்கள்: பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்த தானே புயல் வந்தது 2011 டிசம்பர் 30, நடு மார்கழியில்!

அடைமழையில் உரம் போடாதீர்கள், கரைந்து ஓடிவிடும். மூடாக்கும் அப்போது நத்தைக்கு வீடு. அதைத் தையில், வெயில் ஏறும்போது போடலாம்.

விதைப்பில் அவசரம் வேண்டாம். கார்த்திகை தீபத்துக்கு முன் திறந்தவெளியில் தூவிய கீரை விதையை ஒரே மழை மூலைக்கு அடித்துச் சென்றுவிடும். கத்தரி, தக்காளி, காலிஃபிளவர் நாற்றைத் தாழ்வாரத்தில் வளர்த்து, மழை ஓய்ந்ததும் நடுங்கள். முள்ளங்கியும் கீரையும் அப்போது நேரடியாக. டிசம்பர் பூவுக்கு மட்டும் மழையே நல்ல நேரம், குச்சியை ஒடித்து ஊன்றினால் பிடித்துக்கொள்ளும்.

மார்கழியில் பூசணி, வெண்டை இலைகளில் மாவு தூவியதுபோல் சாம்பல் நோய் தெரியும். ஓரிரண்டு இலையில் இருக்கும்போதே கிள்ளி அப்புறப்படுத்தினால் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது.