பணிநோக்கும் உத்தி இலக்கும்: வாசகர் கேள்விகள்

அரசுப் பல்கலைக்கழகங்கள் தம் பணிநோக்கையும் ஐந்தாண்டு உத்தித் திட்டத்தையும் வகுப்பது குறித்து வந்த கேள்விகளுக்கு, உயர்கல்வித் திட்டமிடலில் பணிபுரிவோர் பதில் அளிக்கிறார்கள்.

எங்கள் பல்கலைக்கழக இணையதளத்தில் தொலைநோக்கு, பணிநோக்கு, இலக்குகள் என்று மூன்று பத்திகள் இருக்கின்றன. ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்தாலும் யாருக்கும் தெரியாது. எது எங்கே இருக்க வேண்டும்?
– பதிவாளர் அலுவலகப் பணியாளர் ஒருவர்

இந்தப் பல்கலைக்கழகம் மக்கள் பணத்தில் யாருக்காக நடக்கிறது, அவர்களுக்கு என்ன செய்கிறது என்று சொல்வது பணிநோக்கு. அது இன்றைய வேலையைப் பற்றியது. துணைவேந்தர் மாறும்போதெல்லாம் மாறக் கூடாது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எந்த நிலைக்கு வர நினைக்கிறோம் என்பது தொலைநோக்கு. அந்த நிலையை நோக்கி அடுத்த ஐந்தாண்டுகளில் எதற்கு முன்னுரிமை, அதற்காக எதைக் குறைத்துக்கொள்வோம் என்பதை உத்தி இலக்குகள் சொல்ல வேண்டும். குறைத்துக்கொள்வது எதுவுமே இல்லை என்றால் அங்கே உத்தியும் இல்லை, விருப்பப் பட்டியல்தான் இருக்கிறது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பத்தியில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறொன்றின் பெயரைப் போடுங்கள். அப்படியும் பொருந்தினால் அந்தப் பத்தி இன்னும் எழுதப்படவில்லை என்றே கொள்ளலாம். ‘உலகத்தரம்’, ‘மேன்மை’, ‘முழுமையான ஆளுமை வளர்ச்சி’ போன்ற சொற்கள் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். அதனால்தான் அவற்றால் எதையும் தீர்மானிக்க முடிவதில்லை. மாணவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் எவ்வளவு பேர், எந்தத் துறைகளில் ஆராய்ச்சி ஆழமாக நடக்கும், சுற்றுவட்டார மக்களுக்கு என்ன சேவை என்று நான்கு செய்திகள் அதில் இருக்கட்டும். அறுபது எழுபது சொற்கள் தாராளம்.

சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவானது அரசுப் பல்கலைக்கழகம். நோக்கங்களைச் சட்டமே சொல்லிவிட்ட பிறகு நாமாக வகுக்க என்ன மிச்சம் இருக்கிறது?
– பேராசிரியர் ஒருவர்

நிறைய இருக்கிறது. சட்டம் எல்லையைப் போடுகிறது. எல்லைக்குள் எதற்கு எவ்வளவு என்று அது பெரும்பாலும் சொல்வதில்லை. 1862-இல் அமெரிக்காவில் வந்த மாரில் சட்டம் நல்ல எடுத்துக்காட்டு. மாநிலத்துக்கு நாடாளுமன்றத்தில் இருந்த உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் மாநிலங்களுக்குக் கூட்டரசு நிலம் கொடுத்தது. அதில் வரும் வருவாயைக் கொண்டு, பிற அறிவியல்களையும் செவ்வியல் படிப்புகளையும் விலக்காமல், வேளாண்மையையும் இயந்திரத் தொழில்களையும் கற்பிக்கும் கல்லூரிகளை நடத்தச் சொன்னது. சில வரிகள்தான். அந்த வரிகளிலிருந்து வளர்ந்த பல்கலைக்கழகங்கள் அளவிலும் இயல்பிலும் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. அந்த வேறுபாட்டில் அவை தாமே எடுத்த முடிவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

மாநிலமே வேலையைப் பிரித்துக் கொடுப்பதும் உண்டு. கலிஃபோர்னியாவின் 1960-ஆம் ஆண்டு உயர்கல்விப் பெருந்திட்டம் அப்படிப்பட்டது. பள்ளி முடிப்போரில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள், பயன்பெறக்கூடிய அனைவருக்கும் இரண்டாண்டுக் கல்லூரிகள் என்று பிரித்தது. முனைவர் பட்டமும் ஆராய்ச்சியும் முதன்மையாக முதல் பிரிவின் பொறுப்பு. எல்லோரும் எல்லாமும் ஆக முயன்று பணத்தைச் சிதறடிப்பதைத் தடுப்பதே அதன் நோக்கம்.

சட்டத்தில் உள்ள சொற்களை அலங்காரம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். 2015-இல் விஸ்கான்சின் மாநில வரவுசெலவு முன்மொழிவில், பல்கலைக்கழகச் சட்டத்தின் பணிநோக்குப் பிரிவிலிருந்து ‘உண்மையைத் தேடுதல்’ என்ற தொடரை நீக்கவும், மாநிலத்தின் வேலையாள் தேவையை நிறைவு செய்வதைச் சேர்க்கவும் திருத்தம் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் கைவிடப்பட்டது. ஒரு தொடர் போனால் அதைக் காட்டி நிதி கேட்கும் உரிமையும் போகும். அதனால், எதிர்த்தவர்கள் சரியாகவே எதிர்த்தார்கள்.

எனவே முதல் வேலை ஓர் அட்டவணை. சட்டத்தின் ஒவ்வொரு நோக்கத்தையும் ஒரு வரியில் எழுதி, எதிரே அதை இப்போது எந்தத் துறை, எவ்வளவு ஆட்களோடும் பணத்தோடும் செய்கிறது என்று நிரப்புங்கள். வெற்றாக நிற்கும் வரிகள் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

குழு அமைத்து ஆறு மாதமாகிறது. எட்டுக் கூட்டம் போட்டும் முதல் வாக்கியமே முடியவில்லை. எந்த வரிசையில் செய்ய வேண்டும்?
– திட்டக்குழு உறுப்பினர் ஒருவர்

வாக்கியத்திலிருந்து தொடங்கியதுதான் சிக்கல். வாக்கியம் மூன்றாம் கட்ட வேலை. முழு வேலைக்கும் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் வையுங்கள்.

முதல் இரண்டு மாதம் தரவு மட்டும். பத்தாண்டு மாணவர் சேர்க்கை, துறைவாரியாக. சேர்ந்தவர்களில் உரிய காலத்தில் பட்டம் பெற்றவர்கள், பாதியில் நின்றவர்கள், எந்தப் பருவத்தில் நின்றார்கள் என்பது. ஆசிரியர்களின் வயதுப் பகிர்வு, அடுத்த ஐந்தாண்டில் யார் யார் ஓய்வு பெறுகிறார்கள். வரவுசெலவில் சம்பளம், ஓய்வூதியம் போக மிஞ்சுவது. பராமரிப்பு தள்ளிப்போடப்பட்ட கட்டடங்கள், ஆய்வகங்கள். இதைப் பதினைந்து பக்கத்துக்குள் சுருக்கிக் குழுவில் எல்லோரும் படித்த பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும். தரவு இல்லாத கூட்டத்தில் மூத்தவரின் நினைவே தரவாகிவிடும்.

அடுத்த மூன்று மாதம் கேட்பதற்கு. நாற்பது கேள்வி கொண்ட படிவத்தை எல்லோருக்கும் அனுப்பிவிட்டுக் கருத்துக் கேட்டாகிவிட்டது என்று எழுதாதீர்கள். அதை நிரப்புபவர்கள் ஏற்கெனவே உங்களோடு பேசிக்கொண்டிருப்பவர்கள்தான். எட்டுப் பத்துப் பேர் கொண்ட சிறு அமர்வுகள் போதும்: முதலாண்டு மாணவர்கள், இறுதியாண்டு மாணவர்கள், விரிவுரையாளர்கள், ஆய்வகப் பணியாளர்கள், நூலகர்கள், பட்டதாரிகளை வேலைக்கு எடுப்போர், உள்ளாட்சி உறுப்பினர்கள். படிப்பைப் பாதியில் விட்டவர்கள் சிலரையாவது கண்டுபிடித்துக் கேளுங்கள். பெரும்பாலான திட்டங்களில் இல்லாத குரல் அவர்களுடையதுதான். எல்லோரிடமும் ஒரே மூன்று கேள்வி: இங்கே எது போனால் ஈடுசெய்ய முடியாது? எது நின்றால் யாருக்கும் இழப்பில்லை? எது இல்லாமல் நீங்கள் அவதிப்படுகிறீர்கள்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்கள் சங்கடமாக இருக்கும். அவற்றைத் தனியே குறித்து வையுங்கள். இலக்குகளை வகுக்கும்போது முதலில் தேவைப்படுபவை அவைதான்.

அதன் பிறகு எழுத்து. குழுவில் பதினைந்து பேர் இருக்கலாம், எழுதும் கை இரண்டோ மூன்றோதான் இருக்க வேண்டும். முதல் வரைவு சுற்றுக்குப் போனதும் ஒவ்வொரு துறையும் தன் பெயர் வரும்படி ஒரு சொல்லைச் சேர்க்கச் சொல்லும். அப்படியே சேர்த்தால் நான்கு வாக்கியம் இருபதாகும், யாரும் கோபப்பட மாட்டார்கள், யாரும் படிக்கவும் மாட்டார்கள். இதற்கு ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: புதிதாக ஒரு தொடர் வேண்டும் என்பவர், எந்தத் தொடரை எடுக்கலாம் என்றும் எழுதித் தர வேண்டும்.

கடைசி மூன்று மாதம் ஒப்புதலுக்கு: கல்விப் பேரவை, நிதிக்குழு, ஆட்சிக்குழு. நிதிக்குழுவைக் கடைசி வாரத்தில் சந்திப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. வரைவுப் பருவத்திலேயே நிதி அலுவலர் குழுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளி ஆலோசகரை அழைத்தால் அமர்வுகளை நடத்தவும் தரவைத் தொகுக்கவும் பயன்படுத்துங்கள். அவரிடம் எழுத்தைக் கொடுத்தால், வேறோர் இடத்துக்கு எழுதியதன் சாயல் வந்துவிடும்.

இலக்குகள் எத்தனை இருக்கலாம்? அளக்கும்படி எழுதுவது எப்படி?
– துறைத் தலைவர் ஒருவர்

நான்கு முதல் ஆறு. பன்னிரண்டைத் தாண்டினால் எதற்கும் முன்னுரிமை இல்லை என்று பொருள்.

‘மாணவர் வெற்றியை மேம்படுத்துவோம்’ என்பது இலக்கு ஆகாது. இப்படி எழுதலாம்: “நான்காண்டுப் படிப்பில் சேர்ந்தவர்களில் உரிய காலத்தில் பட்டம் பெறுவோர் இப்போது 58 விழுக்காடு, திட்டக் காலத்தின் முடிவில் 66 விழுக்காடு.” எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான். ஆண்டுக்கு 2,000 பேர் சேரும் இடத்தில் இந்த எட்டுப் புள்ளி என்பது 160 மாணவர்கள். அப்படி ஆளாக மாற்றிச் சொன்னால்தான், எத்தனை வழிகாட்டிகள், எத்தனை துணை வகுப்புகள் வேண்டும் என்ற கணக்கு வரும். வேறு துறைக்கு மாறியவர், ஓராண்டு விடுப்பு எடுத்தவர் ஆகியோரை எப்படி எண்ணுவது என்பதையும் இலக்கோடு சேர்த்தே எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டில் யாரோ வரையறையை மாற்றி முன்னேற்றம் காட்டுவார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. திட்டத்தின் முதலாண்டில் சேரும் மாணவர் நான்காம் ஆண்டின் முடிவில்தான் பட்டம் பெறுவார். ஐந்தாண்டுத் திட்டத்துக்குள், முழுமையாக அந்தத் திட்டத்தின்கீழ் படித்து முடிப்பவை முதலாண்டிலும் இரண்டாம் ஆண்டிலும் சேரும் இரண்டே மாணவர் அணிகள். எனவே பட்டம் பெறும் விகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், திட்டம் தோற்கிறது என்று தெரியும்போது திட்டமே முடிந்திருக்கும். முன்கூட்டியே காட்டும் அளவுகள் வேண்டும்: முதல் பருவத்தில் எல்லாத் தாள்களிலும் தேறியவர்கள், இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பி வந்தவர்கள், அதிகம் பேர் தோற்கும் ஐந்தாறு தாள்களின் தேர்ச்சி. இவை ஒவ்வொரு பருவமும் கிடைக்கும்.

இன்னோர் ஆபத்து, அளவையே குறிவைத்து ஆடுவது. ஓர் அளவை இலக்காக்கி அழுத்தம் கொடுத்தால் அது அளவாக இருக்கும் தகுதியை இழக்கும் என்ற எச்சரிக்கை, 1975-இல் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் பணக் கொள்கை பற்றிச் சொன்னதிலிருந்து வந்தது. பட்டம் பெறும் விகிதத்தை இரண்டு கெட்ட வழிகளில் உயர்த்தலாம்: மதிப்பெண்ணைத் தளர்த்துவது, பின்தங்கிய மாணவரைச் சேர்க்காமல் விடுவது. இரண்டாவது அரசுப் பல்கலைக்கழகம் தன் வேலையையே கைவிடுவதற்குச் சமம். அதனால் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு காவல் அளவு வையுங்கள். இங்கே, குறைந்த வருமானக் குடும்ப மாணவர் பங்கு குறையாதிருப்பதும், வெளித் தேர்வாளரின் மதிப்பீடும் காவல்.

உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் முதல் 500-க்குள் வருவதை உத்தி இலக்காக வைக்கலாமா?
– ஆராய்ச்சி மாணவர் ஒருவர்

வேண்டாம். மற்றவர்கள் எப்படி ஓடுகிறார்கள் என்பதும் சேர்ந்துதான் அந்த இடத்தை முடிவு செய்கிறது. விதியும் நடுவில் மாறும்: க்யூஎஸ் தரவரிசை தன் 2024 பதிப்பில் கல்விசார் நற்பெயருக்கான எடையை 40 விழுக்காட்டிலிருந்து 30 ஆக்கியது. 2003-இல் தொடங்கிய ஷாங்காய் தரவரிசையில், முன்னாள் மாணவரும் ஆசிரியரும் பெற்ற நோபல் பரிசு, கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கம் ஆகியவற்றுக்கு மட்டும் மொத்தம் 30 விழுக்காடு எடை. முதல் தலைமுறைப் பட்டதாரிகளை உருவாக்குவது உங்கள் பணிநோக்கு என்றால், அந்த 30 உங்களைப் பற்றி எதுவுமே சொல்லாது. தரவரிசைக்காகத் திரட்டும் தரவு பயன்படும். இடத்தை இலக்காக்காதீர்கள்.

திட்டம் அச்சாகி விழாவும் நடந்தது. பணம் மட்டும் ஒதுக்கப்படவில்லை. சம்பளத்துக்கே மானியம் போதவில்லை என்கிறார்கள்.
– ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர் ஒருவர்

சம்பளமும் ஓய்வூதியமும் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும்போது, உத்திக்கு மிஞ்சும் பணம் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் யாரும் பணமாகக் கருதாத ஒன்று கையில் இருக்கிறது: ஓய்வால் காலியாகும் பணியிடங்கள். ஐந்தாண்டில் முப்பது இடம் காலியாகிறது என்று வையுங்கள். முப்பதும் வழக்கம்போல் அதே துறைக்கே திரும்பினால் திட்டம் காகிதத்தில்தான். அவற்றில் ஆறையோ எட்டையோ பொதுத் தொகுப்பில் வைத்து, இலக்குகளுக்கு ஏற்பத் துறைகள் விண்ணப்பித்துப் பெறட்டும். பணியிடம் இழக்கும் துறைக்குக் கற்பித்தல் சுமை எவ்வளவு கூடும் என்பதை முன்பே கணக்கிட வேண்டும். இல்லையேல் அது தண்டனையாகிவிடும். அதோடு, இயக்கச் செலவில் ஒன்றிரண்டு விழுக்காட்டை உத்தி நிதியாகத் தனித் தலைப்பில் காட்டச் சொல்லுங்கள். தலைப்பு இருந்தால் ஆண்டுதோறும் கேள்வி கேட்கலாம்.

ஆட்சிக்குழுவில் மாணவர் பிரதிநிதியாக இருக்கிறேன். நான் என்ன கேட்க வேண்டும்?
– மாணவி ஒருவர்

ஒவ்வொரு இலக்குக்கும் நான்கைக் கேளுங்கள்: தொடங்கும்போது அளவு என்ன, இப்போது என்ன, பொறுப்பாளர் எந்தப் பதவியில் இருப்பவர், இந்த ஆண்டு செலவிட்ட தொகை எவ்வளவு. ‘அனைவரும் பொறுப்பு’ என்று பதில் வந்தால் யாரும் பொறுப்பில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள். முப்பதாவது மாதத்தில் ஓர் இடைக்கால ஆய்வு வேண்டும் என்று இப்போதே தீர்மானம் கொண்டுவாருங்கள். அந்த ஆய்வில் ஓர் இலக்கைக் கைவிட நேர்ந்தால், காரணத்தோடு கூட்டக் குறிப்பில் பதியட்டும். ஆண்டறிக்கையில் சத்தமின்றிக் காணாமல் போகவிடாதீர்கள். முந்தைய ஆண்டறிக்கைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.