மூட்டு ஜவ்வு திரும்ப வளருமா? ஆய்வகத்திலிருந்து சில பதில்கள்

மூட்டு ஜவ்வு என்று இங்கே சொல்வது, மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பை. அதன் செல்களோடுதான் என் தினப்படி வேலை. நீங்கள் கேட்டிருந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, உடைந்த எலும்பு கூடிவிடுகிறது, ஜவ்வு மட்டும் ஏன் வளர மாட்டேன் என்கிறது?

அதற்கு ரத்தக்குழாயே கிடையாது. முக்கால் பங்கு தண்ணீர், மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்கிற நார்ப் புரதம். செல்கள் கொஞ்சம்தான், அவையும் ஆளுக்கொரு சின்னக் குழிக்குள் அடைபட்டுக் கிடப்பதால் காயம்பட்ட இடத்துக்கு நகர்ந்து வர முடியாது.

ஆட்டுக்கால் சூப் குடித்தால்?

ஜவ்வாக மாறாது. வயிற்றில் செரித்துத் துண்டு துண்டாகிவிடும்.

செல்லை வெளியே எடுத்துப் பெருக்கித் திரும்ப வைக்கலாமே மேடம்?

வைக்கிறார்கள். ஸ்வீடனின் கோத்தன்பர்க் குழு 23 பேருக்குச் செய்த சிகிச்சையை 1994-ல் வெளியிட்டது. சிக்கல் என்னவென்றால், பிளாஸ்டிக் தட்டில் பெருக்கும்போது உருண்டையாக இருந்த செல் தட்டையாகி நீண்டு, மூட்டுக்கு வேண்டிய இரண்டாம் வகைக் கொலாஜனை விட்டுவிட்டு, தழும்பில் இருக்கும் முதல் வகையைச் சுரக்க ஆரம்பித்துவிடும். அதே செல்களை ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசை) கரைசலில் கலந்து, ஊசி வழியாகக் கால்சியம் குளோரைடில் சொட்டு சொட்டாக விட்டால், ஒவ்வொரு சொட்டும் விழுந்தவுடனே ஜவ்வரிசி மாதிரி இறுகிவிடும். சில வாரம் அதற்குள் வைத்திருந்தால் செல் மறுபடி உருண்டு, பழைய வேலையைப் பிடித்துக்கொள்ளும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

தானமாகக் கிடைக்கும் மூட்டுத் திசுவை உறைய வைத்துச் சேமிக்கலாமா?

சாதாரணமாக உறைய வைத்தால் பனிப்படிகங்கள் செல்களைக் கொன்றுவிடும், செல் செத்த ஜவ்வு நாளடைவில் நைந்துபோகும். அதனால் 4 டிகிரியில் ஊட்டத் திரவத்தில் வைக்கிறார்கள். அப்படியும் சுமார் 28 நாள்தான், அதில் கிருமிப் பரிசோதனைக்கே இரண்டு வாரம் போய்விடுகிறது. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் திரவத்தை மாற்றி, அறை வெப்பத்திலேயே ஏறக்குறைய இரண்டு மாதம் செல்களை உயிரோடு வைக்கிறார்கள். கனடாவின் ஆல்பர்ட்டாவிலோ படிகமே உண்டாகாமல் கண்ணாடிபோல இறுகச் செய்யும் முறையில் வேலை நடக்கிறது. பொருத்தமான அளவில் நோயாளி கிடைக்கும் வரை திசு காத்திருக்க வேண்டுமே, அதனால் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு வாரமும் பெரிய விஷயம்.

அப்பாவுக்கு 68 வயது, இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. ஸ்டெம் செல் ஊசி போட்டால் புதுசாக முளைக்கும் என்று லட்சக்கணக்கில் கேட்கிறார்கள்...

தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். 2020-ல் ஸ்டான்ஃபோர்டில் ஜவ்வை வளர்த்துக் காட்டியது எலி மூட்டில். நான் மேலே சொன்ன செல் சிகிச்சைகூட, பெரும்பாலும் வயது குறைந்தவர்களின் மூட்டில் ஒரு இடத்தில் விழுந்த குழியை அடைக்கத்தான், முழுவதும் தேய்ந்த முட்டிக்கு இல்லை. இப்போதைக்குத் தொடைத் தசைக்கு உடற்பயிற்சி, எடை கூடுதல் என்றால் குறைப்பது, அப்புறமும் நடக்க முடியாத வலி என்றால் மூட்டு மாற்று பற்றி எலும்பு டாக்டரிடம் பேசுங்கள்.