மரம் நடுவதற்கு முன் மீட்டரைப் பாருங்கள்

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியைக் கார்பன் சமநிலைக்குக் கொண்டுவர ஆசை. மரம் நடுவதில் தொடங்கலாமா?

மரம் நடுங்கள், நிழலுக்காக. கார்பன் கணக்கை மின் மீட்டரில் தொடங்குங்கள். தென்னாப்பிரிக்க மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் உற்பத்தியாவது. ஒரு யூனிட் செலவழித்தால் ஏறத்தாழ 1 கிலோ கார்பன் டை ஆக்சைடு.

வெள்ளி மாலை 4 மணிக்கு மீட்டரைப் படம் எடுங்கள், திங்கள் காலை 6 மணிக்கு மறுபடி எடுங்கள். இடையில் 62 மணி நேரம். 310 யூனிட் ஓடியிருந்தால், ஆளில்லாத பள்ளி மணிக்கு 5 யூனிட் இழுக்கிறது. ஆண்டு முழுக்க இப்படியே போனால் 43,800 யூனிட், சுமார் 44 டன். ஒரு மரம் ஆண்டுக்கு 20 கிலோ இழுக்கும் என்று வைத்துக்கொண்டாலும் இதற்கு 2,200 மரம் வேண்டும். கிரேட் 7 பிள்ளைகளே போடக்கூடிய கணக்கு, அவர்களிடமே கொடுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பெரிய பள்ளிகளில் மீட்டர் சி.டி. (மின்னோட்டத்தைக் குறைத்து மீட்டருக்கு அனுப்பும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வழியாக இணைந்திருக்கலாம். அதில் 200/5 என்றிருந்தால் மீட்டர் எண்ணை 40ஆல் பெருக்க வேண்டியிருக்கலாம். பில்லில் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

அடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரீஷியனை வைத்து டி.பி. போர்டில் (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பிரேக்கர்களை ஒவ்வொன்றாக அணைத்து, மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். 1,000 மினுக்கலுக்கு 1 யூனிட் என்றால், 5 கிலோவாட் ஓடும்போது நிமிடத்துக்கு 83 முறை மினுக்கும். எதை அணைத்ததும் குறைகிறதோ அதுதான் திருடன். அலாரம் பிரேக்கரைத் தொடாதீர்கள். பெரும்பாலும் மாட்டுவது கீசர், டக் ஷாப் (பள்ளித் தின்பண்டக் கடை) குளிர்பெட்டிகள், ஆசிரியர் அறையில் அணைக்காமல் விட்ட தேநீர் அர்ன் (வெந்நீர்க் கொதிகலம்). 150 லிட்டர் கீசர் சும்மா நின்றாலே நாளுக்குச் சுமார் 2.5 யூனிட் போகும். டைமர் வையுங்கள், மேலே சூடு வெளியேறாமல் காக்கும் கீசர் உறை சுற்றுங்கள். வெப்பநிலையை மட்டும் 60 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள், லெஜியோனெல்லா கிருமி வளரும்.

சோலார் இதற்குப் பிறகுதான். தமிழ்நாட்டு வீடியோவைப் பார்த்துப் பலகையைத் தெற்கே திருப்பிவிடாதீர்கள். இங்கே வடக்கு, சாய்வு 30 டிகிரி சுமார். பழைய கட்டடக் கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அப்படியானால் ஒரு துளைகூடப் போடக் கூடாது. துளைத்தால் கொட்டும் தூசி ஆபத்து, பிள்ளைகள் கீழே உட்காரும் கூரை அது. பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர் அகற்றி மாற்றிய பிறகே பேச்சு. 550 வாட் பலகை 36 என்றால் 20 கிலோவாட் சுமார், கிட்டத்தட்ட 100 சதுர மீட்டர் கூரை. டர்பன் வெயிலில் ஆண்டுக்கு 28,000 யூனிட்டுக்குக் குறையாமல் எதிர்பார்க்கலாம்.

ஆனால் வெயில் உச்சத்தில் இருக்கும் டிசம்பரில் பள்ளி பூட்டிக் கிடக்கும். ஆகவே மொத்தப் பில்லைப் பார்த்து அளவெடுக்காமல், பள்ளி நாளில் நண்பகல் ஓடும் சுமையை வைத்து அளவெடுங்கள். நகராட்சியில் பதிவு செய்து இருதிசை மீட்டர் வாங்காமல் இணைத்தால், சில ப்ரீபெய்டு மீட்டர்கள் மிஞ்சி வெளியே போகும் சோலார் மின்சாரத்தையும் செலவாகவே கழித்துவிடும், சில பூட்டிக்கொள்ளும்.

கார்பன் கணக்கில் ஜெனரேட்டர் டீசலுக்கு லிட்டருக்கு 2.7 கிலோ எழுதுங்கள்.

பலர் விட்டுவிடுவது ஏசி வாயு. ஆர்-410ஏ வகை வாயு 1 கிலோ கசிந்தால், 2 டன்னுக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியிட்டதற்குச் சமமாகக் கணக்கில் ஏறும். சர்வீஸ் செய்பவர் ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோ நிரப்பினார் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.