கர்நாடகாவில் மெடிக்கல் சீட் தருகிறாராம், முன்பணம் கட்டலாமா?

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். நான் கோத்தகிரி பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். அப்பா இல்லை. அம்மா கொழுந்து பறிக்கப் போகிறார். தங்கை அரசு மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் டூ படிக்கிறாள். டாக்டர் ஆக வேண்டும் என்பது அவளுடைய சின்ன வயசு ஆசை. பள்ளியில் வைக்கும் நீட் மாதிரித் தேர்வுகளில் 400-ஐ ஒட்டி மதிப்பெண் வாங்குகிறாள். தெரிந்தவர் மூலமாக ஒருவர் வீட்டுக்கு வந்தார். “தமிழ்நாட்டில் போட்டி ஜாஸ்தி. கர்நாடகாவில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சீட் வாங்கித் தருகிறேன். 50,000 ரூபாயும், ஒரிஜினல் மார்க் ஷீட்டும், சாதிச் சான்றிதழும் கொடுங்கள். மெடிக்கல் அமையாவிட்டால் அங்கேயே பி.எஸ்ஸி. சேர்த்து, அடுத்த வருஷம் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மாற்றிவிடலாம்” என்கிறார். வண்டியை அடமானம் வைக்கலாமா என்று யோசிக்கிறேன். வெளி மாநிலத்துக்கு முயற்சி செய்வது தப்பா?
– பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: தம்பி, வண்டியை அடமானம் வைக்காதீர்கள். பணமும் கொடுக்க வேண்டாம், ஒரிஜினலும் கொடுக்க வேண்டாம். அந்த மனிதர் மறுபடி வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி, அதன் எம்.பி.பி.எஸ். இடங்களை எம்.சி.சி. என்கிற மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழுதான் நீட் தரவரிசைப்படி ஒதுக்குகிறது. பதிவு, கல்லூரி விருப்பப் பட்டியல், ஒதுக்கீட்டு ஆணை எல்லாமே ஆன்லைனில். மாணவரே தன் பெயரில் பதிவு செய்ய வேண்டும். இதில் ‘சீட் வாங்கித் தர’ இடையில் ஓர் ஆளுக்கு வேலையே இல்லை. அப்படியானால் இவர்கள் பிழைப்பு எப்படி ஓடுகிறது? பத்து வீட்டில் முன்பணம் வாங்குவார்கள். அதில் இரண்டு பிள்ளைகளுக்குச் சொந்த மதிப்பெண்ணிலேயே எங்காவது இடம் கிடைத்துவிடும். ‘பார்த்தீர்களா, நான் சொன்னேன் அல்லவா’ என்று அதற்கும் கமிஷன் கேட்பார்கள். மற்ற எட்டு வீட்டுப் பணம் ‘பிராசசிங்’ என்று கரைந்துபோகும். ஒரிஜினலை எதற்குக் கேட்கிறார்கள் என்றால், நீங்கள் பாதியில் மனசு மாறிவிடக் கூடாதே, அதற்குத்தான்.

சரி, நியாயமாகவே அங்கே இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மருத்துவப் படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது. நாலரை வருஷம் கட்ட வேண்டும், விடுதிச் செலவு தனி. பச்சைத் தேயிலைக்கு ஃபேக்டரியில் என்ன விலை போடுகிறார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பி.எஸ்ஸி.யில் சேர்ந்து எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மாறுவது என்று ஒரு வழி நம் நாட்டில் கிடையாது. என்னிடம் உயிரியல் படித்த பெண் ஒருத்தி இதை நம்பி, பக்கத்து மாநிலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். ஒரு வருஷம் போன பிறகு, நீட் எழுதிவிட்டு முதல் வருஷத்திலிருந்து வா என்றார்கள். கட்டிய பணம் திரும்பவில்லை. டி.சி. வாங்கவே அவளுடைய அப்பா மூன்று முறை பஸ் ஏறினார்.

இப்போது உங்கள் தங்கை கையில் இருப்பதைப் பார்ப்போம். அந்த ஆள் இதைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் பரிந்துரைத்தது, அரசு 7.5 என்று முடிவு செய்து 2020-ல் சட்டம் கொண்டுவந்தது. அந்த முதல் வருஷமே எம்.பி.பி.எஸ்.ஸில் மட்டும் 313 இடங்கள் ஒதுக்கினார்கள். தனியார் கல்லூரிகளில் அரசுக்கு ஒப்படைக்கப்படும் இடங்களும் இதில் அடக்கம். படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. 720-க்கு 400 என்பது பொதுப் பட்டியலில் தடுமாறும் எண்தான். ஆனால் இந்தப் பட்டியலில் நம்பிக்கையோடு பேசக்கூடிய எண். 2024 போல மதிப்பெண்கள் எல்லோருக்கும் ஏறிப்போனால் கட்-ஆஃபும் ஏறும். 2025 போல வினாத்தாள் கடினமாக இருந்தால் இறங்கும். அது நம் கையில் இல்லை.

ஒரே ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. தங்கை ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் எங்கே படித்தாள் என்று நீங்கள் எழுதவில்லை. நம் மலையில் அரசு உதவி பெறும் பள்ளிகள் நிறைய. ஃபீஸ் இல்லை, சத்துணவு உண்டு என்பதால் ஜனங்கள் அதையும் கவர்ன்மென்ட் ஸ்கூல் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். இந்த ஒதுக்கீட்டுக்கு அது செல்லாது. என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சரின் அண்ணன் மகள், பாட்டி வீட்டுக்குப் பக்கம் என்று ஆறாம் வகுப்பு ஒரே ஒரு வருஷம் உதவி பெறும் பள்ளியில் படித்தாள். பாக்கி ஆறு வருஷமும் அரசுப் பள்ளிதான். சான்றிதழ் சரிபார்ப்பில் அந்த ஒரு வருஷம் அவளைப் பொதுப் பட்டியலுக்குத் தள்ளிவிட்டது. ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் நலப் பள்ளி எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் இடம் உண்டு. எனவே நாளைக்கே தங்கையின் பழைய பள்ளிக்குப் போய், எந்த வருஷம் எந்த வகுப்பு என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தலைமையாசிரியர் மாறுதலாகிப் போனால் பழைய பதிவேட்டைத் தேடவே ஒரு வாரம் ஆகும்.

(கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பெற்றோர் யாராவது இதைப் படித்தால்: கோச்சிங் நன்றாக இருக்கிறது என்று ப்ளஸ் ஒன்னுக்குப் பிள்ளையை எல்லை தாண்டி கேரளத்தில் சேர்க்கிறீர்களே, அந்த இரண்டு வருஷத்தோடு 7.5 போய்விடும். தெரிந்து செய்தால் சரி.)

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெளி மாநிலத்துக்கு முயற்சி செய்வது தப்பே இல்லை. ஆனால் அதற்கு வாசல் வேறு. நாடு முழுவதும் மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளில் 15 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீடு. அங்கே எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள். நம் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்களேன். மொத்தம் 150 இடங்கள், அதில் இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ இந்த ஒதுக்கீட்டுக்குப் போகிறது. குளிர் தாங்காமல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சேரிங் கிராஸில் ஹிந்தியில் பேரம் பேசும் பிள்ளைகள் அப்படி வந்தவர்கள்தான். அதே மாதிரி உங்கள் தங்கையும் மைசூருக்கோ ஹாசனுக்கோ போகலாம். புதுச்சேரி ஜிப்மருக்கும் எய்ம்ஸ் கல்லூரிகளுக்கும் 2020 முதல் தனித் தேர்வு கிடையாது. அவையும் நீட் மதிப்பெண்ணை வைத்து இதே எம்.சி.சி. வழிதான், கட்டணமும் மிகக் குறைவு.

ஆனால் அகில இந்திய ஒதுக்கீட்டில் 7.5 செல்லாது, நம் மாநிலத்தின் 69 சதவீத இடஒதுக்கீடும் செல்லாது. மத்திய அரசின் கணக்கில் ஓபிசிக்கு 27 சதவீதம். இங்கே பி.சி., எம்.பி.சி. என்று இருப்பவர்கள் அங்கே ஓபிசியில் வர, மத்தியப் பட்டியலில் அவர்கள் சாதி இருக்க வேண்டும். தாசில்தாரிடம் மத்திய அரசுப் படிவத்தில் தனியாக ஓபிசி சான்றிதழும் வாங்க வேண்டும். இப்போது கையில் இருக்கும் சாதிச் சான்றிதழை அங்கே நீட்டினால் ஏற்க மாட்டார்கள். இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். 400 மதிப்பெண்ணுக்கு அந்தப் பட்டியலில் வாய்ப்பு மெல்லியது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் பதிவு செய்யுங்கள். ஓபிசி, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்குப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய், திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை 5,000 என்றுதான் இருந்துவருகிறது. முதல் சுற்றில் கிடைத்த இடம் பிடிக்காமல் சேராவிட்டாலும் நஷ்டமில்லை. பிந்தைய சுற்றுகளில் விதி இறுகிவிடும், அப்போது நிதானமாகப் படித்துவிட்டுக் கை வையுங்கள். இதோடு, கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மாநிலத் தேர்வுக் குழுவின் கலந்தாய்வுக்கும் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும். அதையும் இதையும் சேர்த்தே செய்யலாம்.

கர்நாடகாவின் அரசுக் கல்லூரிகளில் மீதி இடங்கள் அங்கேயே படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு. தனியார் கல்லூரிகளில் வெளி மாநிலத்தவருக்கும் சில இடங்கள் உண்டு, அதுவும் அந்த மாநிலத் தேர்வு ஆணையத்தின் கலந்தாய்வு வழியாகத்தான், கட்டணமும் லட்சங்களில்தான்.

இந்த வருஷம் இடம் கிடைக்கவில்லை என்றால்? நீட்டுக்கு வயது உச்சவரம்பு இல்லை, எத்தனை முறை எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. அடுத்த வருஷமும் 7.5 அவளுக்கு உண்டு. கால்நடை மருத்துவப் படிப்பிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 இருக்கிறது, அதற்கு ப்ளஸ் டூ மதிப்பெண் போதும். அவளிடம் கேட்டுப் பாருங்கள், திணிக்க வேண்டாம்.

அப்புறம் ஒன்று. நீட் வழக்கமாக மே முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் நடக்கும், நம் ஊரில் சீசன் நேரம். மேலே ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குவதைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள், உங்களுக்குத் தெரியாததா? மையம் கோவையில் விழுந்தால் சனிக்கிழமையே இறங்கிவிடுங்கள். ஒன்றரை மணிக்குக் கேட் மூடினால் அப்புறம் திறக்க மாட்டார்கள். முழுக்கைச் சட்டையும் ஷூவும் போட்டு வரக் கூடாது என்பது விதி. காலைக் குளிருக்கு அவள் ஸ்வெட்டரோடுதான் கிளம்புவாள். உள்ளே அரைக்கைச் சுடிதாரும் காலில் சாதாரண செருப்பும் இருக்கட்டும். ஸ்வெட்டரை நீங்கள் வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.