டென்ஷன் மேல் எதையெல்லாம் பழி போடலாம்? – கேள்வி பதில்

மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மன அழுத்தம் உடம்பை என்ன செய்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். மருந்து பெயர் கேட்டவர்கள் மன்னிக்கவும். ஆளைப் பார்க்காமல் மருந்து சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

வங்கியில் வேலை பார்க்கிறேன். ஆடிட் என்றாலே கை சில்லிட்டுப் போகிறது, நெஞ்சு படபடக்கிறது, உடனே பாத்ரூம் போக வேண்டும். கவலை மனசில்தானே மேடம்? உடம்புக்கு என்ன வந்தது? (ஈரோடு)

உடம்புக்கு ஆடிட்டரும் தெரியாது, லெட்ஜரும் தெரியாது. மூளை "ஆபத்து" என்று சொன்னால் ஓடவோ சண்டை போடவோ தயாராகும், அவ்வளவுதான்.

மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதாலமஸ் நரம்பு வழியாகச் செய்தி அனுப்புகிறது. சிறுநீரகங்களுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் சில நொடிகளில் அட்ரினலினைக் கொட்டுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது. தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்து, கை கால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. விரல் சில்லிடுவது அதனால்தான். இரைப்பை வேலையை மெதுவாக்கிக்கொள்ளும், ஆனால் பெருங்குடல் மட்டும் வேகமாக இயங்க ஆரம்பிக்கும். உங்கள் பாத்ரூம் அவசரத்துக்குக் காரணம் அதுதான்.

இது முதல் சுற்று. ஹைப்போதாலமஸிலிருந்து அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, அங்கிருந்து மறுபடியும் அட்ரினல் என்று ஹார்மோன் வழியாக இன்னொரு செய்தி போகும். அதில் வருவது கார்டிசால். இது நிதானமான ஆள். உச்சத்துக்கு வர இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி வைக்கும். அளவு கூடியதும் "போதும், நிறுத்து" என்று மூளைக்குச் சொல்வதும் இதே கார்டிசால்தான்.

ஆடிட்டர் கிளம்பியதும் எல்லாம் அடங்கிவிட்டால் ஒரு கெடுதலும் இல்லை. ராத்திரி படுத்த பிறகும் அதே ஆடிட்டை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தால்தான் தொல்லை. நேரில் நடப்பதற்கும் நினைத்துப் பார்ப்பதற்கும் இந்தச் சுரப்பிகள் பெரிதாக வித்தியாசம் பார்ப்பதில்லை.

என் கணவருக்கு அல்சர். "ஆபீஸ் டென்ஷன்தான் காரணம்" என்று மாமியார் சொல்கிறார். சரியா?

உங்கள் மாமியார் மட்டுமில்லை அம்மா, ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். 1936இல் ஹான்ஸ் செலியே என்ற ஆராய்ச்சியாளர் கனடாவின் மான்ட்ரியாலில் எலிகளைப் பலவிதமாகப் படுத்திப் பார்த்தார். குளிரோ, காயமோ, மருந்தோ, எதைக் கொடுத்தாலும் விளைவு ஒன்றுதான்: அட்ரினல் வீங்கியது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. அதற்கப்புறம் அல்சர்காரர்களுக்கெல்லாம் பாலும், "கோபப்படாதே" என்ற அறிவுரையும்தான் வைத்தியம்.

1980களில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் இருவரும், காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி என்றார்கள். பலரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்து, கலக்கி, தானே குடித்துவிட்டார். சில நாளில் வாந்தி. எண்டோஸ்கோப்பியில் இரைப்பை அழற்சி தெரிந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு.

உங்கள் கணவருக்கு அந்தக் கிருமிக்குப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். இருந்தால் அதைக் குணப்படுத்த மாத்திரை இருக்கிறது. இன்னொரு முக்கியக் காரணம், மூட்டு வலி முதுகு வலி என்று மெடிக்கலில் கேட்டு வாங்கி விழுங்கும் வலி மாத்திரை. டென்ஷன் இருக்கிற வலியைக் கூட்டும், எரிச்சலைக் கூட்டும். ஆனால் முதல் குற்றவாளி அது இல்லை.

வேலை போய் மூன்று மாதம் ஆகிறது. இப்போதுதான் வேறு வேலை கிடைத்து நிம்மதியாக இருக்கிறேன். இப்போது போய் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது!

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது தம்பி. பெரிய அதிர்ச்சி வந்தால் நிறைய முடிகள் ஒரே சமயத்தில் வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போகும். அவை உதிர இரண்டு, மூன்று மாதம் ஆகும். கடும் காய்ச்சலுக்குப் பின்னும் பிரசவத்துக்குப் பின்னும் கொட்டுவது இதே கதைதான். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கி, முடி மறுபடி முளைக்கும். தைராய்டும் ஹீமோகுளோபினும் மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எண்ணெய் விளம்பரம் பார்த்து ஏமாற வேண்டாம்.

அப்பாவுக்குச் சர்க்கரை. வீட்டில் சொத்துத் தகராறு வந்தால், சாப்பாடு மாறாமலே அளவு ஏறுகிறது. நிஜமா, சாக்கா?

நிஜம். அட்ரினலினும் கார்டிசாலும் கல்லீரலிலிருந்து சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் விடும், இன்சுலின் வேலையையும் தடுக்கும். சாக்கும் கொஞ்சம் இருக்கலாம். தகராறு நாளில் நடைப்பயிற்சி போனாரா, மாத்திரை போட்டாரா என்று பாருங்கள்.

மறதி நோய் வந்த மாமியாரை நான்கு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு அடிக்கடி சளி. சின்னக் காயம்கூடச் சீக்கிரம் ஆறுவதில்லை. "உனக்கு எல்லாம் மனப்பிரமை" என்கிறார்கள். (திருச்சி)

மனப்பிரமை இல்லை அம்மா. உங்களைப் போன்றவர்களை வைத்தே இதைச் சோதித்திருக்கிறார்கள்.

1995இல் அமெரிக்காவின் ஓஹையோவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர், மறதி நோயாளியான உறவினரைக் கவனித்துக்கொள்ளும் 13 பெண்களையும், அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களையும் எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் கையில் 3.5 மில்லிமீட்டரில் ஒரே மாதிரிச் சிறு காயம் போட்டு, ஆறும்வரை பார்த்தார்கள். கவனித்துக்கொள்பவர்களுக்குச் சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது.

சளிக்கும் சான்று உண்டு. 1991இல் வெளியான ஆய்வில் ஷெல்டன் கோஹன் குழுவினர் இங்கிலாந்தில் 394 ஆரோக்கியமானவர்களின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டாக விட்டார்கள். அழுத்தம் மிகக் குறைவாக இருந்தவர்களில் சுமார் 27 சதவீதம் பேருக்குச் சளி பிடித்தது. மிக அதிகமாக இருந்தவர்களில் சுமார் 47 சதவீதம்.

ஆறாத காயத்துக்குச் சர்க்கரையும் காரணமாகலாம் என்பதால் அதையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை இல்லையென்றால், உங்களுக்கு டானிக் தேவையில்லை, மாற்று ஆள் தேவை. வாரத்தில் இரண்டு மதியமாவது கணவரோ நாத்தனாரோ மாமியாரிடம் உட்காரட்டும். மனப்பிரமை என்று சொன்னவர்களிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

பெரிய பதவியில் இருப்பவர்களுக்குத்தானே ஹார்ட் அட்டாக் வரும்? நான் டிரைவர், எனக்கென்ன பயம்?

லண்டன் அரசு அலுவலகங்களில் 1967இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு இதைத் தலைகீழாக்கிவிட்டது. கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறக்கும் விகிதம், உயர் அதிகாரிகளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. புகைபிடித்தல், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் பெரும்பகுதி வித்தியாசம் அப்படியே நின்றது. பின்னாளில் வந்த இரண்டாம் ஆய்வு சுட்டிய காரணங்களில் ஒன்று, தன் வேலை மேல் தனக்கு அதிகாரம் இல்லாமை. எப்போது வண்டி எடுப்பது, எப்போது சாப்பிடுவது என்று எல்லாவற்றையும் வேறொருவர் முடிவு செய்கிறார் அல்லவா? அதிகாரியின் டென்ஷனைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், டிரைவருடையதை யாரும் கேட்பதில்லை. நாற்பது தாண்டியிருந்தால் பிபி பாருங்கள்.

நெஞ்சு அடைக்கிற மாதிரி வருகிறது. டென்ஷனா, ஹார்ட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்கக் கூடாது. 108ஐக் கூப்பிடுங்கள், ஈசிஜி எடுங்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் டென்ஷன் என்ற பேச்சே வர வேண்டும். துக்கச் செய்தி கேட்டு இதயத்தசை திடீரெனப் பலவீனமாகும் நோயும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம். ஆகவே சாவு வீட்டில் ஒரு அம்மா நெஞ்சைப் பிடித்தாலும் சோடா கொடுத்து உட்கார வைக்காதீர்கள்.

மூச்சுப் பயிற்சி, அஸ்வகந்தா இதெல்லாம் வேலை செய்யுமா?

மூச்சு செய்யும். வெளியே விடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே குறையும். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று ஐந்து நிமிடம் செய்து பாருங்கள். அஸ்வகந்தாவால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் தொட வேண்டாம். தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை என்றால் மூச்சுப் பயிற்சியோடு நிற்காதீர்கள். 14416க்குப் போன் போடுங்கள். டெலிமானஸ் என்ற அரசு சேவை. இலவசம், தமிழிலும் பேசலாம்.

லேப் பேக்கேஜில் "ஸ்ட்ரெஸ் டெஸ்ட்" என்று கார்டிசால் இருக்கிறது. எடுக்கலாமா?

வேண்டாம். கார்டிசால் காலையில் எழுந்ததும் ஏறும், நள்ளிரவில் அடிமட்டத்துக்குப் போகும். ஊசிக்குப் பயந்தாலே கொஞ்சம் ஏறிவிடும். கார்டிசால் மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ சுரக்கும் சில நோய்களைக் கண்டுபிடிக்கத்தான் அந்த டெஸ்ட். உங்கள் மேனேஜர் எவ்வளவு படுத்துகிறார் என்று அதில் வராது. அந்தக் காசுக்குச் சர்க்கரையும் தைராய்டும் பாருங்கள்; மீதிக்கு நல்ல செருப்பு வாங்கி நடக்கப் போங்கள்.