படம் தோழியுடையது, காலண்டர் இருவருடையது

கேள்வி: அச்சு வடிவமைப்பில் இப்போதுதான் காலூன்றுகிறேன். ஓவியம் வரையும் தோழியோடு சேர்ந்து மாதக் காலண்டர் போடப்போகிறோம். செலவும் வரவும் பாதிப் பாதி. எழுதி வைத்துக்கொள்ளலாம் என்றால் தப்பாக நினைப்பாளோ?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: நினைத்தால் நினைக்கட்டுமே! 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தில் கையொப்பமிட்டால்தான் உரிமை கைமாறும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்று கணக்கு. உங்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். படத்தின் உரிமை அவளிடமே இருக்கட்டும். இந்தக் காலண்டருக்கு மட்டும் அனுமதி; பை, டீ-ஷர்ட் என்று போட்டால் தனிக்கணக்கு. ஒரு பக்கக் கடிதம் போதும்.

எனக்குக் கவலை வேறு. டேப்லெட்டில் வரைபவர்கள் பெரும்பாலும் ஆர்ஜிபியில், அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கலவையில் வரைவார்கள். திரையில் மின்னும் நீலமும் கிளிப்பச்சையும் நாலு மையில் அச்சாகும் ஆப்செட்டில் மங்கிப்போகும். அப்புறம் 'என் படத்தைக் கெடுத்துட்டே' என்று கோபம் உங்கள் மேல்தான் பாயும். அதனால் அவள் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: அச்சாகும் அளவிலேயே 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), நாலு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும் கோட்டைத் தாண்டி நீளும் படம்). ஸ்பைரல் துளை விழும் மேல்விளிம்பில் முகம் வேண்டாம். அம்மன் நெற்றியில் வரிசையாகத் துளை போட்ட காலண்டரை நானே பார்த்திருக்கிறேன்.

ப்ரூஃபை, அதாவது மாதிரி அச்சை, பகல் வெளிச்சத்தில் இருவரும் சேர்ந்து பாருங்கள், இருவருமே கையெழுத்துப் போடுங்கள். பெயர்கள் அட்டையிலேயே வரட்டும், ஒரே அளவு எழுத்தில். யார் பெயர் முதலில் என்பதற்குச் சீட்டுக் குலுக்கிக்கொள்ளுங்கள்.