இரண்டு அப்ஸ்ட்ரீம்: வெளியே போகும் டிராபிக்கை ஒரு லிங்க் பக்கம் திருப்புவது எப்படி?

கேள்வி: மதுரையில் சின்ன ஐஎஸ்பி, பிஜிபி (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழிகளை, அதாவது ரூட்களை, அறிவிக்கும் முறை) ஓட்டுகிறோம். சென்னை அப்ஸ்ட்ரீம் (எங்களுக்கு இணையம் தரும் மேல் நெட்வொர்க்) மாட்டுத்தாவணி ரவுட்டரிலும், வேறொரு கம்பெனியின் பெங்களூரு அப்ஸ்ட்ரீம் காளவாசல் ரவுட்டரிலும் இறங்குகின்றன. பெங்களூரு பக்கம் ஏஎஸ் பிரிபெண்ட் (அந்த வழி நீளமாகத் தெரிய எங்கள் ஏஎஸ் எண்ணை, அதாவது நெட்வொர்க் எண்ணை, திரும்பத் திரும்பச் சேர்ப்பது) போட்டும் வெளியே போகும் டிராபிக் சென்னைக்கு மாறவில்லை. ஏன்?

பதில்: மாறாது. பிரிபெண்ட் நீங்கள் வெளியே அறிவிக்கும் ரூட்டில் ஏறுகிறது. அதைப் பார்த்து வழி தேர்ந்தெடுப்பது வெளியில் இருப்பவர்கள். உங்களை நோக்கி வரும் டிராபிக்தான் அதனால் நகரும். உங்களிடமிருந்து போவதைத் திருப்ப, உங்களுக்கு வந்து சேரும் ரூட்டில் கை வைக்க வேண்டும். அதற்கு லோக்கல் பிரெஃபரன்ஸ், அதாவது வந்து சேரும் ரூட்டுக்கு நீங்கள் தரும் முன்னுரிமை எண்.

அதன் இயல்பு மதிப்பு 100, அதிகம் இருப்பது ஜெயிக்கும். ஏஎஸ் பாத் (வழியில் கடக்கும் ஏஎஸ்களின் வரிசை) நீளத்தைப் பார்ப்பதற்கு முன்பே ரவுட்டர் இதைத்தான் பார்க்கும். ஐபிஜிபி (உங்கள் ரவுட்டர்களுக்குள் ஓடும் பிஜிபி) வழியாக உங்கள் ரவுட்டர்களுக்கெல்லாம் போகும், வெளியே போகாது. சிஸ்கோவில் இதற்கும் முன்னால் வெயிட் என்ற எண் இருக்கிறது, ஆனால் அது போட்ட ரவுட்டரோடு சரி. மாட்டுத்தாவணியில் போட்டது காளவாசலுக்குத் தெரியாது. எம்இடி (எந்த லிங்க் வழியே வரலாம் என்று பக்கத்து நெட்வொர்க் தரும் குறிப்பு எண்) வேண்டாம்: ஒரே பக்கத்து ஏஎஸ்ஸின் ரூட்களுக்குள்தான் அதை ஒப்பிடும், உங்களுக்கோ இரண்டு கம்பெனி.

மாட்டுத்தாவணியில் ஒரு ரூட்-மேப் (ரூட்களை வடிகட்டி மாற்றும் விதிப் பட்டியல்) எழுதி, லோக்கல் பிரெஃபரன்ஸ் 200 செட் செய்து, சென்னை நெய்பருக்கு ‘இன்’ திசையில் மாட்டுங்கள். பிறகு புது விதி ஏற, ‘சாஃப்ட் இன்’ என்றே கிளியர் கட்டளை கொடுங்கள். வெறும் கிளியர் அப்ஸ்ட்ரீமுடனான பிஜிபி செஷனையே விழவைக்கும். ஃபுல் டேபிள் (இணையத்தின் எல்லா ரூட்டும்) வாங்குகிறீர்கள் என்றால் 10 லட்சம் வாக்கில் ரூட் திரும்ப ஏற வேண்டும். அதுவரை கஸ்டமர் போன்தான்.

சில பிரீபிக்ஸ் (ஐபி முகவரித் தொகுதி) மட்டும் போதுமென்றால் ரூட்-மேப்பின் பெர்மிட் 10 விதியில் பிரீபிக்ஸ்-லிஸ்ட்டை மேட்ச் செய்யுங்கள். ஒரு ஏஎஸ்ஸிலிருந்து கிளம்பும் ரூட்டெல்லாம் வேண்டுமென்றால் _64500$ மாதிரி ஏஎஸ்-பாத் மேட்ச். எதுவானாலும் கீழே மேட்ச் இல்லாத பெர்மிட் 20 கட்டாயம். இல்லாவிட்டால் மிச்ச ரூட்டெல்லாம் சத்தமில்லாமல் டினை (நிராகரிப்பு) ஆகிவிடும். மைக்ரோடிக் ரவுட்டர்ஓஎஸ் 7-லும் இதே கதைதான்: பில்டர் செயினில் எதுவும் பொருந்தாவிட்டால் ரிஜெக்ட், அதனால் கடைசியில் ஒரு அக்செப்ட் வேண்டும்.

200 போட்டும் சில இடங்களுக்கு பெங்களூரு வழியே போகிறதா? அப்ஸ்ட்ரீம்கள் என்ன ரூட் தருகிறார்கள் என்று பாருங்கள். சென்னைக்காரர் டீஃபால்ட் ரூட் (எல்லா இடத்துக்குமான பொது வழி) மட்டும் தந்து பெங்களூருக்காரர் /24 (256 முகவரிகள் கொண்ட சிறு தொகுதி) தந்தால், அதிகக் குறிப்பான /24தான் எடுக்கும். லோக்கல் பிரெஃபரன்ஸ் ஒரே பிரீபிக்ஸுக்கு வந்த பல வழிகளுக்குள் மட்டும் பேசும். இரண்டு ரவுட்டருக்கும் இடையே நெக்ஸ்ட்-ஹாப்-செல்ஃப் (அடுத்து போக வேண்டிய முகவரியாகத் தன்னையே சொல்லும் செட்டிங்) இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது இல்லாமல் அப்ஸ்ட்ரீம் லிங்க் ஐபிக்கு உள்ளே ரூட்டும் இல்லையென்றால், காளவாசல் சென்னை வழியை எடுக்கவே எடுக்காது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டு இணைப்பு தரும் நெட்வொர்க்கில் டவுன்லோடுதான் பெரும்பங்கு. நெரிசல் அங்கே என்றால் இந்த வேலையால் தீராது. லேட்டன்சி (பாக்கெட் போய்வரும் தாமதம்) குறைக்க என்றால் செய்யலாம்.

மாற்றிய பிறகு மாட்டுத்தாவணி டேபிளில் பெங்களூரு வழியே காணாமல் போகும். பயப்பட வேண்டாம். காளவாசலுக்கும் இப்போது சென்னை வழிதான் பெஸ்ட், அதனால் தன் வழியை அது ஐபிஜிபியில் அறிவிப்பதில்லை. சென்னை லிங்க் விழுந்தால் அறிவிக்கும், ஆனால் கொஞ்சம் தாமதமாகும். நடுவில் ஸ்விட்ச் இருந்து இன்டர்ஃபேஸ் டவுன் ஆகாவிட்டால், சிஸ்கோவின் இயல்பு ஹோல்ட் டைம் (எதிர்முனை பேசாவிட்டாலும் காத்திருக்கும் நேரம்) 180 நொடி வரை டிராபிக் செத்த லிங்கிலேயே போய்க்கொண்டிருக்கும். அப்ஸ்ட்ரீமிடம் பேசி பிஎஃப்டி (லிங்க் செத்ததைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் முறை) போடுங்கள். காளவாசலில் அட்வர்டைஸ் பெஸ்ட்-எக்ஸ்டர்னல் (பெஸ்ட் ஆகாவிட்டாலும் தன் வெளி வழியை அறிவிக்கும் செட்டிங்) போட்டால் மாற்று வழியும் முன்கூட்டியே தயாராக இருக்கும்.